ஏழாவது படியில் உட்கார்ந்தவன்

பிளேட்டு ஓடும்வரைதான் பென்சில் ஓட வேண்டும் என்பது நானே எனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். கிராமபோனுக்குச் சாவி கொடுத்து, முள்ளை வைத்து, பாட்டு தொடங்கியதும் காகிதத்தில் கை வைப்பேன். பாட்டு முடிந்து முள் கரகரவென்று சும்மா சுற்றத் தொடங்கினால், மூக்கு பாதியில் நின்றாலும் பென்சிலைப் போட்டுவிடுவேன். மூன்று நிமிஷம், மிஞ்சினால் மூன்றேகால். அதற்கு மேல் ஒரு படத்தை என் கையில் விட்டுவைத்தால் அழித்து அழித்தே காகிதத்தை ஓட்டையாக்கிவிடுவேன்.

நான் சித்திரக்காரன் அல்ல, சர்க்கார் குமாஸ்தா. சென்னையிலிருந்து கல்கத்தாவுக்கு மாற்றி அனுப்பப்பட்டு, பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் மாடியில் மனைவியோடு குடியிருந்தேன். காலையில் ரயிலேறி சியால்தா, அங்கிருந்து நடந்து லால்திகிப் பக்கம் ஆபீஸ். மாலையில் வந்தால் கிராமபோன், பென்சில். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். எனக்குக் குரங்கைப் பார்த்து வரைந்தாலும் குரங்கு வராது. மனைவியை நான் வரைந்த படத்தைப் பார்த்துவிட்டு அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்த வருஷம் என்னிடம் ஒழுங்காக ஓடிய பிளேட்டுகள் இரண்டே இரண்டு. ஒன்று சென்னையிலிருந்து வந்த தமிழ்ப் பாட்டு. பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாவற்றையும் மூன்று நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டுமென்று அந்த அம்மாள், சியால்தா ரயிலைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி ஓடுவாள். அதைப் போட்டால் என் கையும் ஓடும். படம் நாசம். இன்னொன்று இந்துஸ்தானிப் பாட்டு, இந்த ஊரில் பதிவு செய்தது. பாடியவள் எதற்கும் அவசரப்படாதவள். ஒரே அடியை நாலு விதமாகப் பாடி, போதும் என்று தோன்றினால்தான் அடுத்ததற்குப் போவாள். எனக்கு அந்தச் சங்கீதத்தின் இலக்கணம் தெரியாது. ஆனால் அதைக் கேட்கும்போது கை நடுங்காது. நான் போட்டதில் பார்க்கும்படியான படங்கள் எல்லாம் அந்த மெதுவான பிளேட்டில் பிறந்தவைதான். இரண்டு பேருமே பாட்டு முடிந்ததும் இங்கிலீஷில் தங்கள் பெயரை உரக்கச் சொல்லுவார்கள். அப்போது எல்லாப் பிளேட்டிலும் அதுதான் வழக்கம்.

கீழ்வீட்டில் ஒரு வங்காளி விதவை இருந்தார். அக்கம்பக்கத்தில் எல்லாரும் அவரை மாஷிமா என்றார்கள், சித்தி என்று அர்த்தம். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அவர் என்னைப் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் பாபா என்பார், என் மனைவியை மருமகள் முறையில் பௌமா என்பார். அவருடைய ஒரே மகன் இருபத்தைந்து வயதுப் பையன், ஏதோ பள்ளிக்கூடத்தில் வாத்தியார். தாயார் அவனைக் கோகா என்பார். குழந்தை என்பது மாதிரி ஒரு செல்லப்பெயர் அது. உண்மைப் பெயரை நான் கேட்டதும் இல்லை, அவன் சொன்னதும் இல்லை.

கிராமபோன் சத்தம் கேட்டால் அவன் மாடிப்படி ஏறி வருவான். ஆனால் ஏழாவது படியோடு நின்று, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவான். அதற்கு மேல் இன்னும் ஐந்து படி, பிறகு எங்கள் வாசல். வாசலை ஒட்டினாற்போல் சமையலறை. மீன் சாப்பிடுகிறவர்கள் அந்த வாசலைத் தாண்டக்கூடாது என்பது என் மனைவியின் ஆசாரம். அவள் இதை அவனிடம் சொன்னதே இல்லை. முதல் நாள் அவன் மேலே வந்தபோது குடத்தை நகர்த்தி வைத்தாள், அவ்வளவுதான். அவன் புரிந்துகொண்டு இறங்கி உட்கார்ந்தான். எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. வீட்டில் சண்டை வேண்டாம் என்று நினைக்கிற ஆள் நான்.

ஆகவே நான் வாசலில் உட்கார்ந்துகொண்டு அவனை மேலிருந்து வரைந்தேன். எத்தனையோ சாயங்காலங்கள். உச்சந்தலை, காது, தோள், மடித்த முழங்கால், அவ்வளவுதான் தெரியும். அவன் தலையில் இரட்டைச் சுழி. அது என் கைக்கு நன்றாகப் படிந்துவிட்டது. முகம் மட்டும் எப்போதும் கீழே பார்த்தபடி இருக்கும். பாட்டுக்காரி பெயரைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பான். "பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறாள் பாருங்கள், தைரியசாலி" என்று ஒருநாள் சொன்னான். அதை வெறும் வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டேன்.

ஒரு வியாழக்கிழமை மெதுவான பிளேட்டில் முள் மாட்டிக்கொண்டது. ஒரே அடி, திரும்பத் திரும்ப. நான் எழுந்து முள்ளைத் தள்ளிவிடுவேன் என்று எதிர்பார்த்து அவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். அப்படியே சிரித்தான். நான் எழுந்திருக்கவில்லை. பிளேட்டு ஓடுகிறவரை பென்சில் ஓடலாம் என்பதுதானே சட்டம்? பிளேட்டோ முடிவேனா என்கிறது.

"ஏன்னா, அந்த முள்ளை எடுத்துத் தொலையுங்கோளேன்! ஒரே வார்த்தையை எத்தனை நாழி கேக்கறது?" என்று உள்ளிருந்து மனைவி கத்தினாள்.

நான் வரைந்துகொண்டே இருந்தேன். ஒரு கோட்டைக்கூட அழிக்கவில்லை. முடித்துப் பார்த்தபோது காகிதத்தில் அவன் இருந்தான். அந்த இடது புருவத்தின் தூக்கல், மேலுதட்டு ஓரத்து மடிப்பு, சிரிக்கும்போது ஒரு கண் மட்டும் சிறுக்கிற தினுசு எல்லாம் இருந்தன. என் வாழ்நாளில் ஒரு மனிதனை அவனாகவே நான் வரைந்தது அந்த ஒரு தடவைதான். அவனிடம்கூடக் காட்டாமல், நான் வரைகிற புஸ்தகத்தை மூடிக்கொண்டு, அன்று முழுவதும் தலைகால் புரியாமல் இருந்தேன்.

தலைகால் புரியாதவன் சும்மா இருந்திருக்கலாம். வெள்ளிக்கிழமை அந்தப் புஸ்தகத்தை ஆபீஸுக்கு எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் துரை ஓய்வு நாட்களில் கங்கைக் கரையில் உட்கார்ந்து வர்ணம் தீட்டுகிறவர். அவரிடம் ஒரு வார்த்தை 'நன்று' என்று வாங்கிவிட வேண்டும் என்று அரிப்பு. நுணலும் தன் வாயால் கெடும்.

துரை பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் அந்தப் பக்கத்தில் நின்றார். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"இவனை எங்கே பார்த்தாய்?"

என் வீட்டுப் படியில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறவன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், ஏன் படியில் உட்காருகிறான் என்று கேட்பார். காரணத்தைச் சொன்னால் சிரிப்பார். நம்முடைய ஆசாரத்தைக் கேட்டு வெள்ளைக்காரன் சிரிப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. "ரயிலில் பார்த்த முகம், ஸார்" என்றேன். அந்த வாரத்தில் நான் செய்த உருப்படியான காரியம் அந்தப் பொய் ஒன்றுதான். அதையும் வெட்கப்பட்டுத்தான் சொன்னேன்.

"என் சிநேகிதர் ஒருவர் இதைப் பார்க்க வேண்டும். விட்டுவிட்டுப் போ" என்றார்.

கரி தீற்றியிருக்கிறது, சட்டைக் கழுத்து சரியாக விழவில்லை, நல்ல காகிதத்தில் பிரதி எடுத்துத் திங்கட்கிழமை கொண்டுவருகிறேன் என்று சொன்னேன். அதுவும் வீண் பெருமைதான், முன்யோசனை ஒன்றும் கிடையாது. துரை சரி என்றார். திங்கள் பதினொரு மணிக்கு அந்தச் சிநேகிதரே வருவார் என்றார்.

சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். எங்கள் தலைமைக் குமாஸ்தா வங்காளி, வயதானவர், அநாவசியமாகப் பேசமாட்டார். உள்ளே பேசியதைக் கேட்டிருந்த அவர் என்னைத் தாழ்வாரத்தின் கோடிக்குக் கூட்டிப்போனார்.

"அந்தச் சிநேகிதர் யார் தெரியுமா?"

"சித்திரங்கள் சேர்க்கிறவரா?"

"போலீஸ். குண்டு வழக்குகளுக்கு ஆள் பிடிக்கிறவர். போன வாரம் இந்தத் தாழ்வாரத்தில்தான் துரையிடம் ஒருவனுடைய அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒல்லி, இடது புருவம் உயரம், சிரித்தால் ஒரு கண் சிறுக்கும். போட்டோ மட்டும் அவர்களிடம் இல்லை." சொல்லிவிட்டுத் தம் மேஜைக்குப் போய்விட்டார்.

வங்காளத்தை இரண்டாகப் பிரித்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஊர் முழுக்கச் சந்தேகம், சோதனை. ஒரு முகம் கிடைத்துவிட்டால் போதும், அச்சடித்து ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஒட்டிவிடுவார்கள். பிறகு அவன் எந்த ரயிலில் ஏறினாலும் கழுத்துக்குக் கயிறுதான். அந்த முகத்தை என் பைக்குள் வைத்துக்கொண்டு நான் பாலிகஞ்ச் ரயிலில் உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்தவர்கள் எல்லாரும் என் பையையே பார்ப்பதுபோல் இருந்தது. பயம் ஒரு பக்கம், அவன்மேல் கோபம் ஒரு பக்கம். ஊரில் இத்தனை படிக்கட்டு இருக்க, என் வீட்டுப் படிதானா கிடைத்தது இவனுக்கு? வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவன் நான்தான் என்பதும் நினைவுக்கு வந்தது.

அவன் என்ன செய்தான், எதுவும் செய்தானா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை மாலை வழக்கம்போல வந்து உட்கார்ந்தான். பிளேட்டைப் போட்டேன். பென்சிலை எடுக்கவில்லை.

"இன்றைக்கு வரையவில்லையா?" என்றான், கீழே பார்த்தபடியே.

வாசலை விட்டு எழுந்து ஐந்து படி இறங்கி, அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். இத்தனை மாதத்தில் அதுதான் முதல் தடவை. எனக்குத் தெரிந்த அரைகுறை வங்காள பாஷையில் எல்லாவற்றையும் கொட்டினேன். ஆபீஸ், துரை, போலீஸ், திங்கட்கிழமை. அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"படம் என் மாதிரி இருக்கிறதா?"

"இருக்கிறது."

"மற்ற படமெல்லாம் சரியாக வராமல், இது மட்டுமா வந்தது?" என்று கேட்டுச் சிரித்தான். அந்தக் கண் சிறுத்தது. "இன்னொரு தடவை அந்தப் பிளேட்டைப் போடுங்கள்" என்றான். போட்டேன். பாட்டுக்காரி பெயரைச் சொல்லும்வரை இருந்து கேட்டுவிட்டு இறங்கிப் போனான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் வீட்டில் இல்லை. மாஷிமா வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார், நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.

அன்று மனைவி மடியாகச் சமைத்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் படியில் பேசியதையெல்லாம் அவள் கேட்டிருக்கிறாள்.

"அந்தப் புஸ்தகத்தைக் கொண்டாங்கோ."

"எதுக்கு?"

"கொண்டாங்கோன்னா."

கொண்டுபோனேன். மடியாக இருக்கும்போது என் சட்டை பட்டாலே மறுபடி குளிக்கிறவள், கையை நீட்டிப் புஸ்தகத்தை வாங்கினாள். அந்தப் பக்கத்தைக் கிழித்துக் குமுட்டி அடுப்பில் வைத்தாள். ஒரு நிமிஷம் முகம் சுருண்டது, பிறகு இல்லை. எனக்கு வருத்தம்தான். பெரிய தேசபக்தியால் அல்ல. நான் போட்ட ஒரே நல்ல படம் போயிற்றே என்றுதான். அவள் மறுபடி குளித்துவிட்டு வந்து ரசத்துக்குப் புளி கரைத்தாள்.

திங்கள் பதினொரு மணிக்குத் துரையின் அறையில் அந்தச் சிநேகிதர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். பிரதி எடுக்கும்போது மைக்கூடு கவிழ்ந்து இரண்டு காகிதமும் பாழாகிவிட்டன என்றேன். அவர் கோபிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"பரவாயில்லை. பார்த்த முகம்தானே? இங்கேயே வரை" என்றார்.

காகிதம் வந்தது. பென்சில் வந்தது. ஏதோ ஒரு மூஞ்சியைக் கிறுக்கிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டு போயிருந்தேன். ஆனால் பென்சிலை வைத்ததும், அந்த மெதுவான பாட்டு எனக்குள் தானாகவே ஓடத் தொடங்கிவிட்டது. கையில் நடுக்கம் நின்றது. முதல் கோடு இடது புருவம். சரியாக விழுந்தது. அச்சாக அவனுடைய புருவம்! இத்தனை வருஷம் எந்த வரம் வேண்டுமென்று தவித்தேனோ அது அந்த நேரத்தில் வந்து கையில் உட்கார்ந்திருந்தது. எதிரே அவர் பென்சிலின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். அழிக்கவும் முடியாது, நிறுத்தவும் முடியாது.

அப்போதுதான் அந்தத் தமிழ்ப் பிளேட்டின் ஞாபகம் வந்தது. மனசுக்குள் அந்த முள்ளைத் தூக்கிவிட்டு இதை வைத்தேன். பல்லவியைப் பிடித்து, அனுபல்லவிக்குத் தாவி, சரணத்துக்கு ஓடினேன். அந்த அம்மாள் ஓட ஓட என் கையும் ஓடியது. புருவம் நெற்றிக்கு ஏறிப்போயிற்று. மூக்கு நீண்டது, தாடை அகன்றது, கண் இரண்டும் ஒரே அளவாய் உருண்டன. பெயரைச் சொல்லி அவள் முடித்தபோது நானும் பென்சிலைப் போட்டேன். காகிதத்தில் இருந்தவனை நான் பார்த்ததே இல்லை.

துரை எட்டிப் பார்த்தார். "இது இல்லை. அன்றைக்கு நான் பார்த்தது வேறு மாதிரி இருந்தது."

சிநேகிதர் என்னைப் பார்த்தார். "உன் புஸ்தகத்தைக் காட்டு."

புரட்டினார். பூசணிக்காய் மாதிரி என் மனைவி. நாய் போல ஒரு குதிரை. யாரென்று எனக்கே தெரியாத தலைமைக் குமாஸ்தா. பிறகு மேலிருந்து வரைந்த தலைகள், பத்துப் பன்னிரண்டு பக்கம். அங்கே அவர் விரல் நின்றது.

"இதென்ன, வெறும் உச்சந்தலை?"

"பழகுவதற்காக, ஸார். முகம் எனக்கு வராது."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். துரையின் முகம் சிவந்துவிட்டது. சிநேகிதருக்கு முன்னால் நான் அவர் மானத்தை வாங்கிவிட்டேன். "இனிமேல் ஆபீஸில் கோப்பைத் தவிர வேறெதிலும் உன் கை படக்கூடாது" என்று புஸ்தகத்தைத் தூக்கிப் போட்டார். நான் வரைந்த தாளைச் சிநேகிதர் மட்டும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதனால் பல மாதங்கள் ரயிலில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனேன். நீண்ட மூக்கும் உருண்ட கண்ணுமாக எவனாவது எதிரே வந்து உட்கார்ந்துவிடுவானோ என்று பயம். நல்லவேளை, வரவில்லை.

அவனும் வரவில்லை. கடிதமும் இல்லை. மாஷிமா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகி, ஒரு மாலை மாடிப்படியில் செருப்பில்லாத காலடி கேட்டது. அவர் ஏழாவது படிவரை ஏறி அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"பாபா, கோகாவை நீ படம் போடுவாயாமே. அவன் சொல்லியிருக்கிறான். அவனுடைய போட்டோ ஒன்றிருந்ததை அவன் போன அன்றைக்கு நானே கொளுத்திவிட்டேன். ஒரு படம் கொடேன்."

கிராமபோனைத் திறந்து மெதுவான பிளேட்டைப் போட்டேன். வாசலில் உட்கார்ந்து வரையத் தொடங்கினேன். அந்தப் பழைய இடத்தில் முள் மாட்டிக்கொண்டு அதே அடி திரும்பத் திரும்ப வந்தது. மனைவி கத்தவில்லை. எத்தனை நேரம் வேண்டுமானாலும் கிடைத்தது. ஆனால் என் கையிலிருந்து வந்தது அந்த நீண்ட மூக்கு, அந்த உருண்ட கண்கள். கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி வரைந்தேன். மறுபடியும் அவனேதான் வந்தான், நான் போலீஸுக்கு வரைந்து கொடுத்த அந்த ஆள். உண்மை முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றேன். அது இருந்த இடத்தில் இவன் உட்கார்ந்திருந்தான்.

மாஷிமா தாளை வாங்கிப் பார்த்தார். "நன்றாக இருக்கிறது, பாபா. ஆனால் இது கோகா இல்லையே" என்று மெதுவாகச் சொன்னார். நான் அழுதுவிட்டேன். அவரிடம் அதை மறைக்கவில்லை.

என்ன செய்வதென்று தெரியாமல் பழைய புஸ்தகத்தை அவரிடம் நீட்டினேன். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். உச்சந்தலைகள் வந்ததும் கை நின்றது. இரட்டைச் சுழியின்மேல் விரலை வைத்தார்.

"இதோ! இருபது வருஷம் எண்ணெய் தேய்த்த தலை, எனக்குத் தெரியாதா?" பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டே போனார். சிரித்தார். பிறகு தலையைத் தூக்கி என்னைக் கேட்டார். "ஏன் பாபா, எல்லாவற்றையும் மேலே இருந்தே போட்டிருக்கிறாய்?"

அவர் குற்றமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பின்னால் சமையலறை வாசலில் மனைவி வந்து நின்றிருந்தாள். முள் இன்னும் அந்த ஒரே அடியைச் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் போய் அதைத் தூக்கி வைத்தாள்.

"நாங்க அவனை உள்ளே கூப்பிடவே இல்லை, மாஷிமா" என்றாள். தமிழில்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, "உள்ளே வாங்கோ" என்றாள்.

மாஷிமாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் இரண்டுமே புரிந்திருக்க வேண்டும். புஸ்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஏழாவது படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"இருக்கட்டும் பௌமா" என்றார். "அவன் உட்கார்ந்த இடம்."